மாரி மழையில் காருக்குள் தண்ணீர்: கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் வருடத்து மழையில் பெரும்பகுதி நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் வெயிலும் கச்சான் காற்றும்தான். அந்தக் காலம் முழுக்க வைப்பருக்கு அடியிலும் கதவுகளுக்குள்ளும் வேப்பஞ்சருகும் மணலும் சேர்ந்துகொண்டே இருக்கும். கதவு றபர்களும் வெயிலில் காய்ந்து இறுகிவிடும். முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை கார்க் கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு மணம் அடிப்பதற்கு இவ்வளவும் சேர்ந்துதான் காரணம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் நம் வீதிகளில் ஓடும் ஆல்டோ, விட்ஸ், அக்சியோ, வேகன் ஆர் பெரும்பாலும் வயது போனவை. அவற்றின் றபரும் பசையும் அதே வயதுதான். பழைய காரில் தண்ணீர் வருவது சகஜம் என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி விடக்கூடாது. கார்பெட்டுக்கு அடியில் தேங்கிய தண்ணீர் தரைத் தகட்டை உள்ளிருந்து அரிக்கும். வயர் இணைப்புகளில் பச்சை பிடிக்கும். மூச்சுத் தொந்தரவு உள்ள பிள்ளைகளுக்குப் பூஞ்சணம் படிந்த காருக்குள் பயணம் பெரும் வதை.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். கார் பொடி, அதாவது அதன் உடற்கூடு, தண்ணீரே நுழையாத பெட்டியாகச் செய்யப்பட்டதில்லை. கதவுக் கண்ணாடி இறங்கும் இடுக்கால் மழைத் தண்ணீர் கதவுக்குள் போகத்தான் செய்யும். வைப்பருக்கு அடியில் உள்ள தட்டிக்குள்ளும் போகும். கூரைக் கண்ணாடி உள்ள காரில் அதன் சட்டத்துக்குள்ளும் போகும். இப்படிப் போன தண்ணீர் திரும்ப வெளியேற ஓட்டைகளும் குழாய்களும் வைத்திருக்கிறார்கள். அந்த வழி அடைபட்டால் தண்ணீர் உள்ளே திரும்பும். ஆகவே சிலிக்கன் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டை தேடக் கிளம்புவதற்கு முன் அடைப்பைத் தேடுங்கள். காசு செலவில்லாமல் தீரும் கசிவுகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

தொடங்கும் முன்: மின்சாரம்

கார்பெட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றால் சாவியைப் போடாமல் பற்றரியின் மறை முனையை முதலில் கழற்றுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்புகள் தெரிந்தால் அவை எயார்பேக், சீட் பெல்ட் சம்பந்தமானவை. பற்றரியைக் கழற்றிச் சில நிமிடம் கழியாமல் அவற்றைத் தொட வேண்டாம். அவை கழன்றிருக்கும்போது சாவியைப் போட்டால் எயார்பேக் விளக்கு எரிந்து நின்றுவிடும், பிறகு அதை அணைக்க ஸ்கேனர் உள்ள இடத்துக்கு ஓட வேண்டும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. அக்வாவில் பெரிய பற்றரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பழைய பிரியஸ்களில் அது பின் சீட்டுக்குப் பின்னால், டிக்கிப் பக்கம். அந்தப் பகுதியில் ஈரம் கண்டால் தேடுதலை அங்கேயே நிறுத்திவிட்டு ஹைபிரிட் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். செம்மஞ்சள் நிற வயர் எதையும் கழற்றவோ துடைக்கவோ போகாதீர்கள். நூறு வோல்ட்டுக்கு மேலே ஓடும் வயர் அது.

தண்ணீர் எப்போது வருகிறது?

கராஜுக்குப் போனால் நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான். நீங்களே பதில் தேடி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மழையே இல்லாத நாளிலும் முன்பக்கம் இடது காலடி நனைகிறதா? ஏசியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கார் நிற்கும்போது மழை பெய்தால் மட்டும் நனைகிறதா? கண்ணாடி, கூரை, வைப்பர்த் தட்டி, கதவு என்று மேலிருந்து வரும் வழிகள். நின்றால் ஒன்றும் இல்லை, மழை வீதியில் ஓடினால் மட்டும் நனைகிறது என்றால் டயர் அடிக்கும் தண்ணீர் கீழாலோ மட்கார்ட்டுக்கு உள்ளாலோ ஏறுகிறது. சேர்விஸ் ஸ்டேசனில் கழுவிய பிறகு மட்டும் ஈரம் இருந்தால் அவசரப்பட்டுக் கசிவு என்று முடிவு கட்ட வேண்டாம். அங்கே அடிக்கும் அழுத்தத்தில் நல்ல றபருக்குள்ளாலும் தண்ணீர் போகும்.

பிரேக் பிடிக்கும்போதோ வளைவில் திரும்பும்போதோ மேலிருந்து பொத்தென்று தண்ணீர் ஊற்றினால் கூரை விரிப்புக்கு மேலே எங்கோ தேங்கி நிற்கிறது. பிரேக் பிடிக்கும்போது கதவுக்குள் சளசளவென்று சத்தம் கேட்டால் கதவின் அடி ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றன.

காரை எந்தப் பக்கம் சாய்வாக நிறுத்துகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஒரு பக்கம் மணலில் புதைந்து நிற்கும் காரில் தண்ணீர் தாழ்ந்த பக்கம் ஓடித் தேங்கும். நனைந்த இடத்துக்கும் நுழைந்த இடத்துக்கும் பல அடி தூரம் இருக்கலாம்.

தொட்டு, முகர்ந்து பாருங்கள்

ஈரத்தில் வெள்ளைக் கடதாசித் துவாயை ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நிறமும் மணமும் இல்லாத சுத்தமான தண்ணீர் ஏசியுடையதாக இருக்கலாம். புழுதி கலந்த மங்கல் நீர் என்றால் வெளியிலிருந்து வந்த மழை. பச்சையோ சிவப்போ கலந்து, விரலில் வழுவழுவென்று ஒட்டி, இனிப்பாக மணத்தால் அது கூலன்ட். டாஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ஹீட்டர் கசிகிறது என்று அர்த்தம். முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போலப் புகை பிடிப்பதும், கூலன்ட் போத்தலில் அளவு குறைந்துகொண்டே வருவதும் கூடவே நடக்கும். நம் ஊர் வெக்கைக்கு ஹீட்டரை யாரும் போடுவதில்லை. ஆனால் பல கார்களில் அதற்குள் கூலன்ட் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இந்தக் கசிவு மழையோடு சம்பந்தமில்லாதது, தள்ளிப்போடவும் கூடாது. கூலன்ட் குறைந்து எஞ்சின் சூடேறினால் செலவு பல மடங்கு. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கப் போய்விடாதீர்கள்.

கார்பெட்டைத் தூக்காமல் தேடாதீர்கள்

மேலே துணி காய்ந்திருக்கும், அடியில் உள்ள தடித்த பஞ்சு லீற்றர் கணக்கில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும். வாசல்படியில் இருக்கும் நீளமான பிளாஸ்டிக் பட்டியை மேலே இழுத்தால் கிளிப்புகள் கழன்று வந்துவிடும். அதன் பிறகு கார்பெட்டின் ஓரத்தை மடித்துத் தூக்கிப் பஞ்சை அழுத்திப் பாருங்கள். பின் காலடியையும் பாருங்கள். முன்பக்கம் வந்த தண்ணீர் பின்னுக்கு ஓடி அங்கே தேங்குவது சாதாரணம்.

தகடு தெரியும் அளவுக்குத் திறந்து, துடைத்துக் காய வையுங்கள். ஈரமான தரையில் புதுத் தண்ணீர் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தகட்டின் மேல் பழைய செய்தித்தாளைப் பரப்பிவிட்டால் முதல் துளி விழுந்த இடம் கருமையாகத் தெரியும். அந்தக் கறையிலிருந்து மேல்நோக்கிப் போக வேண்டும். தூசிப் படலத்தில் வழிந்த கோடுகள், துருக் கோடுகள், வயர்க் கட்டில் தொங்கும் துளி எல்லாவற்றையும் டோர்ச் அடித்துத் தேடுங்கள். தண்ணீர் பெரும்பாலும் வயர் வழியாகவும் தகடுகள் சேரும் விளிம்பு வழியாகவும்தான் ஊர்ந்து வரும்.

முதல் சோதனை: ஏசி

நம் கரையோரக் காற்றில் ஈரப்பதன் அதிகம். அதனால் ஏசி பிழிந்தெடுக்கும் தண்ணீரும் அதிகம். வலப்பக்கம் ஓட்டும் நம் கார்களில் குளிரூட்டும் பகுதி பெரும்பாலும் இடது பக்கம் டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அதில் சேரும் நீர் ஒரு சிறிய றபர்க் குழாயால் காருக்கு அடியில் சொட்ட வேண்டும்.

காரைச் சமதரையில் நிறுத்தி, ஏசியைக் கூடிய குளிரில் இருபது நிமிடம் ஓட விடுங்கள். அடியில் தண்ணீர் சொட்டி நிலம் நனைந்தால் குழாய் நன்றாக இருக்கிறது. பகல் வெக்கையில் ஒரு துளியும் விழாமல் உள்ளே காலடி நனைந்தால் பிடித்துவிட்டீர்கள். குழாயின் வெளிமுனையில் மண்ணும் சிலந்தி வலையும் அடைத்திருக்கும். மீன் தொட்டிக்குக் காற்று விடும் மெல்லிய குழாய் ஒன்றைக் கொஞ்சத் தூரம் மெதுவாக உள்ளே விட்டு அசைத்து எடுங்கள். தேங்கிய தண்ணீர் சட்டென்று கொட்டும், முகத்தை நேர் கீழே வைக்காதீர்கள். கம்பி போட்டுக் குத்தக் கூடாது, உள்ளே இருப்பது மெல்லிய அலுமினியம். எயார் கம்பிரஷரை முழு அழுத்தத்தில் பிடித்தாலும் குழாய் உள்ளே கழன்று, இருந்த கசிவை விடப் பெரிய கசிவு வரும்.

வைப்பருக்கு அடியில்

பொனட்டைத் திறந்து, முன் கண்ணாடியின் அடியில் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் தட்டியின் இரு முனைகளையும் பாருங்கள். வேம்பு, வாகை, புளி என்று எந்த மரத்துக்குக் கீழே நிறுத்தினாலும் அதன் இலை கடைசியில் இங்கேதான் வந்து சேரும். வேப்பிலை சிறியது என்பதால் இடுக்குக்குள் போய், மணலோடு கலந்து, களி போல இறுகிவிடும். தட்டிக்குள் தண்ணீர் உயர்ந்தால் அது வெளிக்காற்று இழுக்கும் வாய்க்குள் வழிந்து, காற்றை உள்ளே ஊதும் புளோவர் வழியாக இடது காலடியில் இறங்கும். ஏசிக் கசிவும் இதே இடத்தில்தான் வரும் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். டாஷ்போர்டு பெட்டியைக் கழற்றிக் காற்று ஃபில்டரை இழுத்துப் பாருங்கள். ஃபில்டர் நனைந்து, அதன் மேல் சருகுத் துண்டு கிடந்தால் தண்ணீர் மேலிருந்துதான் வந்திருக்கிறது. ஃபில்டர் இல்லாத ஆல்டோ போன்ற கார்களில் புளோவரைப் போட்டால் சளசளப்புக் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

இலைகளைக் கையால் அள்ளி எடுத்த பிறகு ஒரு பேணி தண்ணீரைத் தட்டியின் ஒவ்வொரு முனையிலும் ஊற்றுங்கள். முன் டயர்களுக்குப் பின்னால் உடனே வழிந்து வெளியே வர வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. அப்போது வைப்பர்க் கைகளைக் கழற்றித் தட்டியையே எடுத்துத் துப்புரவு செய்வதுதான் வழி. மாரி தொடங்கும் முன், ஒக்டோபரில் இதை ஒருமுறை செய்துவிட்டால் அந்த மாரிக்குப் போதும்.

கதவு: மற்றவர்கள் தொட்ட இடத்தைப் பாருங்கள்

கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமாவின் விட்ஸ். சாரதிப் பக்கம் ஒவ்வொரு மழைக்கும் காலடி நனையும். "தம்பி, கதவு றபர் புதுசாப் போட்டுட்டன், பிறகும் தண்ணி வருதே" என்றார். "இந்தக் கதவில கடைசியா என்ன வேலை செய்தீங்க மாமா?" என்று கேட்டேன். "வேலை ஒண்டும் இல்ல, ஸ்பீக்கர் மட்டும்தான் மாத்தின."

கதவின் உட்பலகையைக் கழற்றியதும் விளங்கிவிட்டது. பலகைக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு பொலித்தீன் தாள் இருக்கும். கறுப்பு நிறப் பிசின் அதைச் சுற்றிவர ஒட்டிப் பிடித்திருக்கும். ஸ்பீக்கர் மாற்றியவர் அந்தத் தாளைக் கத்தியால் வட்டமாக வெட்டி, மிச்சத்தை மேலே சுருட்டிச் செருகியிருந்தார். கீழ் விளிம்பு பிசினை விட்டு, வண்டிக்கு உட்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழை அந்தத் தாளில் பட்டு, அதன் ஓரத்தால் உட்பலகைக்கு வழிந்து, பலகையின் அடியால் வாசல்படிக்குச் சொட்டி, அங்கிருந்து கார்பெட்டுக்கு அடியில் போயிருக்கிறது. புது றபருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. தண்ணீர் வந்த வழி றபருக்கு உட்பக்கம்.

ஸ்பீக்கர், கண்ணாடி ஏற்றி இறக்கும் பவர் ஷட்டர் மோட்டர், கதவுப் பூட்டு, இதில் எந்த வேலை செய்த கதவானாலும் முதலில் பொலித்தீனைச் சந்தேகியுங்கள். கிழிந்த தாளை ஒட்டுப் போடுவதை விட முழுதாக மாற்றுவது நல்லது. கொங்கிறீட் போடும்போது விரிக்கும் தடித்த பொலித்தீனை, பழைய தாளை அச்சாக வைத்து வெட்டி எடுக்கலாம். பழைய பிசின் வெயிலில் இளகினால் மறுபடி ஒட்டும், இல்லாவிட்டால் பியூட்டைல் டேப் என்ற றபர்ப் பிசின் நாடா வாங்குங்கள். தாளின் கீழ் விளிம்பு தகட்டில் உள்ள நீண்ட பிளவுக்குள்ளே, கதவின் உள்வயிற்றுக்குப் போக வேண்டும். அது வெளியே தொங்கினால் மாமாவின் கதைதான்.

கதவின் அடி விளிம்பில் இரண்டு மூன்று சிறிய ஓட்டைகள் இருக்கும். ஒரு தென்னை ஈர்க்கை விட்டுச் சுரண்டுங்கள். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி பக்கத்து ஒழுங்கைகளில் ஓடும் கார்களில் இங்கிருந்து மணல் கொட்டும். புதுப் பெயின்ட் அடித்த காரில் ஓட்டைகளையே பெயின்டும், பள்ளம் நிரப்பப் பூசும் பட்டிப் பசையும் மூடியிருப்பதும் உண்டு.

இனி றபர். விறைத்த கடதாசித் துண்டு ஒன்றைக் கதவுக்கிடையில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாக வர வேண்டும். தடையே இல்லாமல் வரும் இடத்தில் அழுத்தம் இல்லை. இன்னும் தெளிவாகத் தெரிய, றபர் முழுக்கக் குழந்தைப் பவுடர் பூசிக் கதவை ஒருமுறை மூடித் திறங்கள். எதிர்ப் பக்கத் தகட்டில் பவுடர்க் கோடு விடுபடாமல் விழுந்திருக்க வேண்டும். கோடு அறுந்த இடம்தான் சந்தேகம். றபர் நன்றாக இருந்தும் கோடு அறுகிறது என்றால் கதவு தொங்கியிருக்கலாம், அல்லது எப்போதோ மோதி நிமிர்த்திய கதவாக இருக்கலாம். அதை நேராக்காமல் றபர் மாற்றுவது வீண்.

ஹோஸ் சோதனை: இரண்டு பேர், ஒரு பின்னேரம்

மேலே சொன்னவற்றில் பிடிபடவில்லை என்றால் தண்ணீர் விட்டுத்தான் பார்க்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் முழு வேலையும் வீணாகும்.

வீட்டு டப் ஹோஸ் போதும். முனையில் விரலை அழுத்திப் பீச்ச வேண்டாம், மழை வழிவதுபோல வழிய விடுங்கள். கார் உள்ளே முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒருவர் டோர்ச்சோடு உள்ளே இருக்க வேண்டும், கண்ணாடி எல்லாம் மூடியிருக்க வேண்டும். வெளியே நிற்பவர் எந்த இடத்தில் எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டார் என்று போனில் குறித்துக்கொள்வது நல்லது.

கீழிருந்து மேலே போங்கள். கூரையில் தொடங்கினால் தண்ணீர் கண்ணாடி, கதவு, விளக்கு எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு இறங்கும். உள்ளே துளி விழுந்தாலும் எந்த இடத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. முதலில் கதவின் அடிப்பாதி, பிறகு மேற்பாதி, பிறகு முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, அதன் பக்கங்கள், மேல் விளிம்பு, கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது விட்டு, இன்னும் இரண்டு நிமிடம் காத்திருங்கள். தண்ணீர் உள்ளே ஊர்ந்து வர நேரம் எடுக்கும். பொறுமை இல்லாதவர் அடுத்த இடத்துக்குப் போன பிறகு பழைய இடத்துத் தண்ணீர் வந்து விழும், பழி புது இடத்தில் விழுந்துவிடும்.

உள்ளே ஈரம் கண்டதும் ஹோஸை நிறுத்துங்கள். வெளியே சந்தேக இடத்தைத் துடைத்துக் காயவைத்து, மாஸ்கிங் டேப்பால் மூடி, அதே இடத்தில் மறுபடி தண்ணீர் விடுங்கள். இம்முறை வரவில்லை என்றால் சந்தேகம் உறுதி. டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டு போனால் ஒரு விரல் அகலத்துக்குள் இடத்தைப் பிடித்துவிடலாம். இந்த உறுதிப்படுத்தல் இல்லாமல் பசை பூசப் போகாதீர்கள். அது ஊகம்தான்.

உதவிக்கு ஆள் இல்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. எல்லாக் கதவும் கண்ணாடியும் மூடி, காற்றை வெளியிலிருந்து எடுக்கும் நிலையில் வைத்து, புளோவரை முழு வேகத்தில் ஓட விடுங்கள். உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூடும். சவர்க்கார நுரையைக் கண்ணாடி விளிம்பு, விளக்கு ஓரம், கூரை இணைப்பு என்று பூசிக்கொண்டு போனால் கசியும் இடத்தில் குமிழி ஊதும். சிறிய ஓட்டைக்கு இது நன்றாகவே வேலை செய்யும்.

முன் கண்ணாடி

கண்ணாடி ஒருமுறை மாற்றிய கார் என்றால் சந்தேகத்தின் பெரும் பங்கு இங்கே. கண்ணாடியைப் பிடித்திருப்பது யூரித்தேன் பசை. பழைய பசையை வடிவாகச் சீவாமல், துருவைத் துடைக்காமல், அதன் மேலேயே புதுப்பசை போட்டால் கொஞ்ச நாளில் விட்டுவிடும். கடற்காற்றுப் படும் கார்களில் மேல் விளிம்பின் தகடு பசைக்கு அடியில் துருத்து ஊதியிருப்பதும் உண்டு. அப்போது பசை கண்ணாடியோடு இருக்கும், தகட்டை விட்டிருக்கும். மேலே கண்ணாடி விளிம்பில் வரும் தண்ணீர் பக்கத்துத் தூணின் உள்ளால் இறங்கி ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சொட்டும். ஹோர்ன் தானாக அடிப்பது, சிக்னல் தாறுமாறாக எரிவது எல்லாம் அதன் பிறகு தொடங்கும். தூணின் பிளாஸ்டிக் மூடியில் எயார்பேக் என்று எழுதியிருந்தால் அதை நீங்களே பிடுங்கவேண்டாம்.

கூரையும் டிக்கியும்

கூரையின் இரு பக்கத்திலும் ஓடும் கறுப்புப் பட்டிக்கு அடியில் தகடுகள் இணைந்த கோடு இருக்கிறது. அதன் மேல் பூசிய சீலர் காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். அன்டெனா அடி றபரும் அப்படியே. கூரை விளக்கைச் சுற்றிக் கறை பிடித்திருந்தால் விளக்கைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். வான்களில் கெரியர் பூட்டக் கூரையில் துளைத்த ஆணிகள் ஒவ்வொன்றும் ஒரு சந்தேகம். கூரைக் கண்ணாடி உள்ள காரில் அதைத் திறந்து, மூலைகளில் உள்ள ஓட்டைகளில் அரைப் பேணி தண்ணீர் ஊற்றி, சக்கரப் பக்கம் வழிகிறதா என்று பார்த்தால் போதும்.

டிக்கியில் ஸ்பெயார் டயர் கிடக்கும் குழியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அங்கே தண்ணீர் நின்றால் வழிகள் பல: பின் விளக்குகளின் பின்னால் உள்ள நுரை வாஷர் தேய்ந்திருக்கும், மேலே உள்ள பிரேக் விளக்கின் றபர் விட்டிருக்கும், டிக்கி றபர் கிழிந்திருக்கும், அல்லது பின் பம்பருக்கு உள்ளே இருக்கும் காற்றுப்போக்கி மூடிகள் கழன்றிருக்கும். பின்னால் இடிபட்டு டிங்கர் வேலை செய்த காரில் தகடு இணைப்பில் சீலர் பூசாமல் விட்டிருப்பார்கள். பின் சீட்டை மடித்து, வெளியேற வழி வைத்துக்கொண்டு, பெரியவர் ஒருவர் உள்ளே இருந்து டோர்ச் அடிக்க, மற்றவர் வெளியே தண்ணீர் விட வேண்டும். சிறுபிள்ளைகளை இதற்கு உள்ளே விடாதீர்கள்.

விட்ஸ், அக்வா போன்ற பின்கதவுக் கார்களில் இன்னொன்றும் பாருங்கள். பின் கண்ணாடி கழுவும் தண்ணீர், கூரை விரிப்புக்கு மேலால் ஓடும் ஒரு மெல்லிய குழாயில்தான் பின்னுக்குப் போகிறது. பின்கதவு மடங்கும் இடத்தில் அந்தக் குழாய் வெடித்தால் வாஷரை அழுத்தும்போதெல்லாம் உள்ளே ஊற்றும். மழை இல்லாத நாளில் பின்பக்கம் நனைந்தால் இதையும் சந்தேகியுங்கள்.

கீழிருந்து வரும் தண்ணீர்

கிரான் புலிபாய்ந்தகல் வீதியிலும் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியிலும் மாரியில் தண்ணீர் குறுக்கறுத்து ஓடும் நாட்கள் உண்டு. அந்த மாதிரித் தண்ணீருக்குள் ஓடிய காரில் மட்கார்ட்டின் உட்பக்கப் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து கழன்றுபோயிருக்கும். அது இல்லாவிட்டால் டயர் வாரி அடிக்கும் தண்ணீர் நேரே தகடு இணைப்புகளில் மோதும். தரையில் உள்ள வட்ட றபர் மூடிகள், எஞ்சின் பக்கமிருந்து வயர் உள்ளே வரும் றபர் வளையங்கள், அலாமுக்கும் அம்பிளிஃபயருக்கும் யாரோ துளைத்து வயர் இழுத்துவிட்டு மூடாமல் விட்ட ஓட்டைகள், இவை எல்லாம் அடுத்த சந்தேகங்கள். கார்பெட்டைத் தூக்கி வைத்து, காரை உயர்த்தித் தாங்கு போட்டு, கீழிருந்து வெளிச்சம் அடித்தால் ஓட்டை உள்ளே பளிச்சென்று தெரியும். ஜெக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற கார் வேறு விடயம். அதில் கசிவு தேடிப் பயனில்லை, தண்ணீர் எல்லாப் பக்கத்தாலும் வந்திருக்கும். கார்பெட்டுக்கு அடியில் மெல்லிய வண்டல் படிந்திருந்தாலும், சீட் தண்டவாளம் ஒரே உயரத்துக்குத் துருத்திருந்தாலும் அது வெள்ளம் பார்த்த கார். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

அடைப்பதும் காய வைப்பதும்

ஹார்ட்வேர்க் கடையில் கிடைக்கும் வினாகிரி மணக்கும் சிலிக்கனைக் கார்த் தகட்டில் பூச வேண்டாம். அது காயும்போது வெளிவிடும் அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். பிறகு அந்த இடத்தில் பெயின்டும் ஒட்டாது, சரியான பசையும் ஒட்டாது. தகடு இணைப்புக்குப் பொடி சீலர், கண்ணாடிக்கு யூரித்தேன், கதவுப் பொலித்தீனுக்கும் விளக்குகளுக்கும் பியூட்டைல். எதைப் பூசினாலும் வெளிப்பக்கத்திலிருந்து, துரு சுரண்டி, காய்ந்த தகட்டில் பூசுங்கள். உள்ளே இருந்து அடைத்தால் தண்ணீர் நிற்காது, அடுத்த இணைப்பைத் தேடிப் போகும்.

நனைந்த பஞ்சைக் காருக்குள்ளேயே வைத்துக் காய வைக்க முடியாது. மாரியில் ஈரக் காற்று, கார்பெட் மேலே காய்ந்து அடியில் அழுகும். முடிந்தால் சீட்டைக் கழற்றிக் கார்பெட்டை வெளியே எடுத்து, வெயில் வரும் நாளில் கொடியில் போடுங்கள். எடுக்க முடியாவிட்டால் ஓரத்தைத் தூக்கி மரக்கட்டை செருகி, கூரைக்குக் கீழே நிறுத்தி, மின்விசிறியை நேரே பிடிக்க வேண்டும். தகட்டில் துருத் தொடங்கிய இடத்தைச் சுரண்டித் துருத் தடுப்புப் பெயின்ட் பூசுவதற்கு இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் வராது. திருத்திய பிறகு உடனே கார்பெட்டை மூடிவிடாமல், தகட்டில் செய்தித்தாள் விரித்தபடி அடுத்த நல்ல மழை ஒன்று போகட்டும்.

இவ்வளவு தேடிய பிறகும் கண்ணாடி வேலை என்றால் கண்ணாடிக் கடைக்காரரிடமும், தரை துருத்து ஓட்டையானால் டிங்கர் வேலைக்காரரிடமும், ஹீட்டர் என்றால் ஏசி வேலை தெரிந்தவரிடமும் கொடுக்க வேண்டியதுதான். "தண்ணி வருது, பாருங்கோ" என்று மட்டும் சொல்லி விட்டுவராமல், ஹோஸ் சோதனையில் துளி விழுவதைப் போனில் எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். டேப் ஒட்டிய இடத்தையும் அப்படியே விட்டுக் காட்டுங்கள். வேலை முடிந்ததும் காரை எடுக்கும் முன் அங்கேயே, அதே இடத்தில், பத்து நிமிடம் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். யூரித்தேன் போட்ட கண்ணாடி என்றால் மட்டும் பசை இறுகக் கடைக்காரர் சொல்லும் நேரம் வரை பொறுத்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள்.